சிங்கப்பூரில் ஓடி (ஓவர்டைம்) காசு குறைகிறது, கேட்டால் ஒர்க் பெர்மிட் போய்விடுமா?

சிங்கப்பூரில் கட்டுமான வேலையில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். திங்கள் முதல் சனி வரை காலை 8 மணியிலிருந்து இரவு 8 மணி வரை வேலை, மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் மாலை 5 வரை வேலை. ஐபிஏ கடிதத்தில் (வேலைக்கு அமைச்சு தரும் முன் அனுமதிக் கடிதம்) பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், மாதம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று இருக்கிறது. ஆனால் ஓடிக்கு மணிக்கு 3 வெள்ளிதான் தருகிறார்கள், ஞாயிற்றுக்கிழமைக்கும் அதே 3 வெள்ளி. ஏழு மாதமாக இப்படியே போகிறது. பே ஸ்லிப் கிடையாது. சூப்பர்வைசரிடம் கேட்டதற்கு, "எம்ஓஎம் போனா பெர்மிட் கேன்சல், அடுத்த பிளைட்ல ஊருக்கு" என்று சொல்லிவிட்டார் (எம்ஓஎம் என்பது சிங்கப்பூரின் மனிதவள அமைச்சு). என்ன செய்யலாம் என்பது கேள்வி.

தம்பி, 3 வெள்ளி சரியா தவறா என்பதை நீங்கள் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். தவறு என்பது உங்களுக்கே தெரிந்திருக்கிறது. உண்மையில் நீங்கள் கேட்பது வேறு: வாய் திறந்தால், ஏஜென்ட்டுக்குக் கட்டிய கடன் அடையும் முன்னாலேயே என்னை ஊருக்கு ஏற்றிவிடுவார்களா? அப்படியே புகார் கொடுத்தாலும் காசு கைக்கு வருமா? சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, இந்த இரண்டுக்கும் விரிவாக வருகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. இங்கே கட்டுமான நிறுவனங்களில் பல வருடம் சம்பளக் கணக்கு எழுதியவன். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில், சம்பளப் பிரச்சினையோடு வருபவர்களுக்குக் கணக்குப் போட்டு, தாள்களை அடுக்கிக் கொடுக்கும் தன்னார்வ வேலையும் செய்கிறேன். ஆகவே முதலாளி பக்கம் கணக்கு எப்படி எழுதப்படுகிறது என்பதும், அதிகாரி முன்னால் எது நிற்கும் எது விழும் என்பதும் ஓரளவு தெரியும்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயங்கள். சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டத்தில் நான்காம் பகுதி வேலை நேரம், ஓய்வு நாள், ஓடி பற்றியது. உடலுழைப்புத் தொழிலாளியின் பேசிக் மாதம் 4,500 வெள்ளிக்கு மேல் போகாதவரை அது அவருக்குப் பொருந்தும். உள்ளூர்க்காரர், வெளிநாட்டுக்காரர் என்ற பேதம் இதில் இல்லை. வாரத்துக்கு 44 மணி நேரம் சாதாரண வேலை. அதற்கு மேல் போகும் ஒவ்வொரு மணிக்கும் பேசிக்கின் மணிக் கூலியைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு தர வேண்டும். ஞாயிறு உங்கள் ஓய்வு நாள் என்றால், முதலாளி கேட்டுக்கொண்டு நீங்கள் அன்று முழு நாள் வேலை செய்தால் இரண்டு நாள் பேசிக் தர வேண்டும். சாதாரண நேரத்தில் பாதிக்குள் முடிந்தால் ஒரு நாள் பேசிக். நீங்களே கேட்டு ஞாயிறு வேலைக்குப் போனதாக இருந்தால் இதில் பாதிதான், அதனால்தான் சில கம்பெனிகளில் "நானே விருப்பப்பட்டு வேலை கேட்கிறேன்" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். அப்படி ஒரு தாள் நீட்டப்பட்டால் கவனமாக இருங்கள். ஒப்பந்தத்தில் "ஓடி 3 வெள்ளி" என்று எழுதி நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது செல்லாது. சட்டத்தில் உள்ளதைவிடக் குறைவான நிபந்தனைக்கு மதிப்பில்லை என்று அதே சட்டம் சொல்கிறது.

இப்போது உங்கள் கணக்கு. மாதச் சம்பளக்காரருக்கு மணிக் கூலி இப்படி வரும்: மாத பேசிக்கை 12-ஆல் பெருக்கி, 52-ஐயும் 44-ஐயும் பெருக்கி வரும் தொகையால் வகுக்க வேண்டும். 800 வெள்ளிக்கு 9,600-ஐ 2,288-ஆல் வகுத்தால் மணிக்கு 4 வெள்ளி 20 காசு. ஒன்றரை மடங்கு என்றால் 6 வெள்ளி 29 காசு. காலை 8 முதல் இரவு 8 வரை, மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்தால் நாளைக்கு 11 மணி நேரம், ஆறு நாளுக்கு 66. அதில் 44 போக வாரத்துக்கு 22 மணி நேரம் ஓடி. நாலு வாரத்துக்கு 88 மணி நேரம் என்று வைத்தால் வர வேண்டியது சுமார் 554 வெள்ளி, உங்களுக்கு வந்தது 264. குறைவு 290. ஞாயிறுக்கு வாரம் ஆறு நாள் கணக்கில் ஒரு நாள் பேசிக் 30 வெள்ளி 77 காசு. இரண்டு நாளுக்கு 61 வெள்ளி 54 காசு வர வேண்டிய இடத்தில் எட்டு மணிக்கு 24 வெள்ளி வந்திருக்கிறது. ஒப்பந்தத்தில் சனி அரை நாள் என்று இருந்தால் ஒரு நாள் பேசிக் இன்னும் கொஞ்சம் கூடும். இரண்டு ஞாயிறுக்கும் சேர்த்து 75 வெள்ளி குறைவு. ஆக மாதத்துக்கு 365 வெள்ளி, ஏழு மாதத்துக்கு 2,500 வெள்ளிக்கு மேல். இது என் உத்தேசக் கணக்குதான். எந்த வாரம் எத்தனை மணி நேரம் என்று உங்கள் குறிப்பை வைத்துப் போட்டால்தான் சரியான தொகை வரும். ஆனால் "ஏதோ கொஞ்சம் குறைகிறது" என்று நினைப்பதற்கும் "2,500 வெள்ளி பாக்கி" என்று தெரிந்துகொள்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. தொகை தெரியாமல் புகார் கொடுக்கப் போகிறவர், முதலாளி நீட்டும் 300 வெள்ளிக்கு ஒப்புக்கொண்டு திரும்பி வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நாள் சம்பளத்தில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. ஒரு நாள் பேசிக்கை அன்றைய சாதாரண வேலை நேரத்தால் வகுத்தால் மணிக் கூலி. 26 வெள்ளி நாள் பேசிக், எட்டு மணி நேரம் என்றால் மணிக்கு 3.25, ஓடி மணிக்கு 4 வெள்ளி 88 காசு வரும். உங்கள் ஐபிஏவில் மாத பேசிக் என்று இருக்கிறது என்பதால் இது உங்களுக்கு வேண்டாம், ஆனால் கூட வேலை செய்பவர்களுக்குத் தேவைப்படலாம்.

கம்பெனிப் பக்கத்திலிருந்து சில பதில்கள் வழக்கமாக வரும். ஒன்று, "மாதம் 72 மணி நேரம்தான் ஓடி, அதற்கு மேல் செய்ததற்குக் காசு கிடையாது." 72 மணி நேர வரம்பு உண்மைதான். விலக்கு வாங்காமல் அதற்கு மேல் வேலை வாங்கினால் அது முதலாளியின் தப்பு. நீங்கள் உழைத்த மணி நேரத்துக்குக் கூலி கொடுக்காமல் இருக்க அது காரணமே ஆகாது. இரண்டாவது, பேசிக்கை உடைப்பது. ஐபிஏவில் 800 என்று எழுதிவிட்டு, இங்கே வந்ததும் "500 பேசிக், 300 அலவன்ஸ்" என்று கணக்கு எழுதி, ஓடியை 500-க்குப் போடுவார்கள். ஐபிஏவில் அமைச்சுக்குச் சொன்ன பேசிக்கை உங்கள் எழுத்துமூலச் சம்மதம் வாங்காமல், அமைச்சுக்கும் தெரிவிக்காமல் குறைக்கக் கூடாது. 2017-ல் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் ஒரு வெளிநாட்டுத் தொழிலாளியின் வழக்கில் இதைத் தெளிவாகவே சொன்னது. ஐபிஏவில் உள்ள பேசிக்தான் பேசிக் என்று எடுத்துக்கொள்ளப்படும், இல்லை என்றால் அதை நிரூபிக்க வேண்டியது முதலாளி என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அதனால்தான் எவரிடமும் முதலில் ஐபிஏவைக் கேட்கிறேன். ஊரிலிருந்து கிளம்பும்போது தமிழிலும் ஒரு பிரதி கொடுத்திருப்பார்கள். அது தொலைந்திருந்தால் ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பியதாவது இருக்கும், தேடிப் பாருங்கள். மூன்றாவது, "ஓடியெல்லாம் சேர்த்துத்தான் மாதம் இவ்வளவு என்று பேசினோம்." மொத்தமாக ஒரு ஓடி தொகை பேசிக்கொள்வதே தப்பு இல்லை. ஆனால் நீங்கள் செய்த மணி நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கணக்கு அந்தத் தொகையைத் தாண்டினால் மீதியைத் தந்தே ஆக வேண்டும்.

இனி சந்தேகமான விஷயங்கள். இவற்றை உங்கள் கணக்கில் சேர்ப்பதற்கு முன் யோசிக்க வேண்டும். சாப்பாட்டு நேரம் வேலை நேரத்தில் சேராது. ஆனால் பன்னிரண்டு மணிக்குக் கான்கிரீட் வண்டி வந்து நின்று, பத்து நிமிடத்தில் விழுங்கிவிட்டு ஓட வேண்டியிருந்தது என்றால் அந்த ஒரு மணி நேரத்தை ஓய்வு என்று சொல்ல முடியாது, அதைக் கேட்கலாம். நிரூபிப்பதுதான் சிரமம். டார்மிலிருந்து (தொழிலாளர் விடுதி) சைட்டுக்கு லாரியில் போகும் நேரத்தைப் பெரும்பாலும் வேலை நேரமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். காலை 5 மணிக்கு எழுந்து லாரி ஏறுகிறவர்களுக்கு இது அநியாயமாகத்தான் தெரியும், எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனாலும் அதை நம்பித் தொகையைக் கூட்டினால், நல்ல கோரிக்கையும் சேர்ந்து பலவீனமாகும். வேலை முடிந்து லாரிக்காக ஒரு மணி நேரம் சைட் வாசலில் நிற்பதும் அப்படியே. அதே நேரம் காலை 7.30-க்கு டூல்பாக்ஸ் மீட்டிங் (வேலைக்கு முந்தைய பாதுகாப்புக் கூட்டம்) கட்டாயம், வராவிட்டால் திட்டு என்றால், நீங்கள் முதலாளியின் சொல்படி நிற்கிறீர்கள், அதைச் சேர்ப்பதற்குக் காரணம் பலமாக இருக்கிறது. மழை வந்து வேலை நின்ற நாட்களைக் கழித்திருந்தால் அது தனிப் பிரச்சினை. ஐபிஏவில் சொன்ன மாதச் சம்பளத்தை, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒர்க் பெர்மிட்காரருக்குத் தர வேண்டும்.

அடுத்தது ஆதாரம். என் அனுபவத்தில் கோரிக்கைகள் ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான். பே ஸ்லிப் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். 2016 ஏப்ரல் முதல் விவரமான பே ஸ்லிப் கொடுப்பது முதலாளியின் கடமை, ஓடி மணி நேரமும் ஓடி தொகையும் அதில் இருக்க வேண்டும். கொடுக்காதது அவர் குறை. இருந்தாலும், எத்தனை மணி நேரம் வேலை செய்தேன் என்பதைச் சொல்ல உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும். இன்றைக்கே ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். தினமும் ராத்திரி டார்முக்கு வந்ததும் தேதி, சைட் பெயர், தொடங்கிய நேரம், முடித்த நேரம், அன்று செய்த வேலை, யார் சூப்பர்வைசர், இவ்வளவு எழுதினால் போதும். ஏழு மாதத்தையும் ஒரே ராத்திரியில் ஒரே பேனாவில் எழுதி எடுத்துப் போகாதீர்கள். பார்த்த உடனே தெரிந்துவிடும், அப்புறம் உண்மையாக எழுதியதையும் நம்ப மாட்டார்கள். பழைய மாதங்களுக்கு வேறு சான்றுகளைத் தேடுங்கள்: மாத முடிவில் ஒப்படைக்கும் முன் எடுத்த டைம் கார்டு போட்டோ, "நாளைக்கு சண்டே ஒர்க், 7 மணிக்கு லாரி" என்று சூப்பர்வைசர் குரூப்பில் போட்ட செய்தி, சைட்டில் ராத்திரி எடுத்து வீட்டுக்கு அனுப்பிய படங்கள், டார்ம் கேட்டில் பதிவாகும் நேரம். சைட்டில் முகம் காட்டியோ விரல் வைத்தோ உள்ளே போவீர்கள் என்றால் அந்தப் பதிவு மெயின் காண்ட்ராக்டரிடம் இருக்கும், அதை அதிகாரி கேட்டு வாங்க முடியும். வங்கிக் கணக்கில் மாதாமாதம் விழுந்த தொகையின் பட்டியலை எடுத்து வையுங்கள். எதையும் அழிக்காதீர்கள், எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி ஊரில் அண்ணனுக்கோ மனைவிக்கோ அனுப்பிவிடுங்கள். கைபேசி தொலைவதும், பறிக்கப்படுவதும் நடக்கிற காரியம்தான். ஆனால் ஆபீஸ் கோப்புகளை ரகசியமாக எடுக்கப் போகாதீர்கள். உங்கள் டைம் கார்டு உங்களுடையது, அடுத்தவர் சம்பளப் பட்டியல் அப்படி இல்லை.

வெற்று டைம் கார்டிலோ, தொகை எழுதாத வவுச்சரிலோ இனி கையெழுத்துப் போடாதீர்கள். கட்டாயப்படுத்தினால், போட்ட பிறகு அன்றைக்கே அதைப் பற்றித் தேதியோடு ஒரு நண்பருக்கு வாட்ஸ்அப்பில் எழுதி வையுங்கள். பின்னால் "அப்போது யாரிடமாவது சொன்னீர்களா?" என்று கேட்கும்போது அது உதவும்.

முதலாளியிடம் முதலில் கேட்க வேண்டுமா, நேரே புகாரா? பொதுவாக ஒரு முறை எழுத்தில் கேளுங்கள் என்பேன். "பாஸ், என் ஐபிஏ பேசிக் 800. ஓடி மணிக்கு 6.29 வர வேண்டும், 3 வருகிறது. தயவுசெய்து கணக்கைப் பாருங்கள்" என்று மரியாதையாக இரண்டு வரி. நான் கணக்கு எழுதிய இடங்களில், தப்பான விகிதம் பழக்கத்தால் ஓடிக்கொண்டிருந்ததும், ஒருவர் எழுத்தில் கேட்டதும் எல்லோருக்கும் திருத்தியதும் உண்டு. ஆனால் உங்கள் விஷயத்தில் ஏற்கெனவே மிரட்டல் வந்துவிட்டது. மிரட்டியவரிடம் மறுபடி போய்க் கேட்பது, அவருக்கு டிக்கெட் போட நேரம் கொடுப்பதுதான். நீங்கள் ஆதாரத்தைச் சேர்த்துக்கொண்டு நேரே புகார் பதிவு செய்வதே நல்லது என்பது என் கருத்து.

இனி அந்தப் பயம். முதலாளி பெர்மிட்டை கேன்சல் செய்ய முடியுமா? முடியும். அதை மறைத்து உங்களுக்குத் தைரியம் சொல்ல மாட்டேன். வேலையை முடித்துக்கொள்ளும் உரிமை அவருக்கு இருக்கிறது, புகார் கொடுத்தவர்களில் பலர் அந்தக் கம்பெனியில் தொடர்வதில்லை. ஆனால் கேன்சல் செய்வதும் உடனே விமானத்தில் ஏற்றுவதும் ஒன்றல்ல. சம்பளப் புகார் பதிவாகி விசாரணையில் இருக்கும்போது, அது முடியும்வரை இங்கே தங்க ஸ்பெஷல் பாஸ் கொடுப்பார்கள். ஊருக்கு அனுப்பும்வரை உங்கள் சாப்பாடும் தங்குமிடமும் முதலாளியின் பொறுப்பு. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வது குற்றம். ஒருவேளை புகார் கொடுக்கும் முன்பே உங்களை வலுக்கட்டாயமாகச் சாங்கி விமான நிலையத்துக்குக் கொண்டுபோனால், குடிநுழைவுக் கவுண்டரில் இருக்கும் அதிகாரியிடம், "எனக்குச் சம்பளம் பாக்கி, எம்ஓஎம் போக வேண்டும்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் உங்களை அழைத்து வந்தவர்கள் கூட நிற்க முடியாது. கேட்டதற்குப் பழிவாங்கத்தான் வேலையிலிருந்து நீக்கினார்கள் என்று காட்ட முடிந்தால், நியாயமற்ற வேலைநீக்கம் என்று தனியாக ஒரு கோரிக்கையும் வைக்கலாம். அதற்குக் கடைசி வேலை நாளிலிருந்து ஒரே ஒரு மாதம்தான் அவகாசம், அதைத் தவறவிடுகிறவர்கள் அதிகம்.

ஸ்பெஷல் பாஸில் இருக்கும்போது அனுமதி இல்லாமல் வேலை செய்யக் கூடாது. கையில் காசில்லாமல் மாதங்கள் போகும், ஊரிலிருந்து வட்டிக்காரர் போன் செய்வார், நண்பர் ஒருவர் "ஞாயிறு மட்டும் வா, கையிலே காசு" என்பார். போகாதீர்கள். நியாயமான கோரிக்கை வைத்தவர் அந்த ஒரு நாளில் குற்றவாளி ஆகிவிடுவார். கோரிக்கை உண்மையானது என்று அமைச்சு கருதினால், ஊருக்குப் போகாமலே வேறு முதலாளியைத் தேட அனுமதி கிடைப்பதுண்டு. எல்லோருக்கும் கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது, கிடைத்தாலும் குறுகிய அவகாசத்துக்குள் வேலை தேட வேண்டும். இன்னொரு வழியும் இருக்கிறது: கட்டுமானத் துறையில் பெர்மிட் முடிய 40 முதல் 21 நாள் இருக்கும் இடைவெளியில், இப்போதைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாறலாம். உங்கள் பெர்மிட் எப்போது முடிகிறது என்று பாருங்கள். சீக்கிரம் முடிகிறது என்றால் புதிய வேலையை உறுதி செய்துகொண்டு, அதே சமயத்தில் பழைய பாக்கியையும் கேட்கலாம்.

ஆனால் ரொம்ப நாள் காத்திருக்காதீர்கள். வேலையில் இருக்கும்போது, ஒவ்வொரு மாதத் தொகையையும் அது வர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும். வேலையை விட்டுவிட்டால், கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் பதிய வேண்டும். "ரெண்டு வருஷம் முடியட்டும், ஊருக்குப் போகும்போது மொத்தமாகக் கேட்போம்" என்று இருப்பவர்களுக்கு முதல் வருடக் காசு அநேகமாகப் போய்விடுகிறது. உங்களுக்கு ஏழு மாதம்தான் ஆகிறது, ஆகவே இன்றைக்குப் பதிந்தால் முழுத் தொகையையும் கேட்கலாம். ஊர் போய்ச் சேர்ந்த பிறகு அங்கிருந்து இதை நடத்துவது மிகக் கடினம்.

புகார் போகும் இடம் டிஏடிஎம் என்ற முத்தரப்பு அமைப்பு. 2017 ஏப்ரலில் இருந்து சம்பளச் சச்சரவுகள் எல்லாம் முதலில் இங்கேதான் வர வேண்டும். சிங்பாஸ் (அரசின் இணைய அடையாளக் கணக்கு) வைத்து இணையத்தில் பதியலாம். பெண்டிமியர் ரோட்டில் உள்ள எம்ஓஎம் சேவை நிலையத்துக்கு நேரிலும் போகலாம். இணையப் படிவம் கஷ்டமாக இருந்தால் சிராங்கூன் ரோட்டில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர் நிலையம், லிட்டில் இந்தியாவில் இயங்கும் டிடபிள்யூசி2, மற்றும் ஹோம் போன்ற தொண்டு அமைப்புகள் இலவசமாக உதவுகின்றன. தமிழில் பேச ஆள் இருப்பார்கள். இதற்குக் காசு கேட்கும் "புரோக்கர் அண்ணன்" எவரிடமும் போக வேண்டாம். டிஏடிஎம்மில் ஓர் அதிகாரி இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவார். அவர் நீதிபதி இல்லை, உங்கள் வக்கீலும் இல்லை. சமரசத்துக்கு வழி பார்ப்பதுதான் அவர் வேலை. கம்பெனியிலிருந்து பெரும்பாலும் ஹெச்ஆர் வருவார், ஒரு கணக்கைக் காட்டுவார், பாதிக்கு முடித்துக்கொள்ளலாம் என்பார். அப்போதுதான் நீங்கள் மாதவாரியாக எழுதிய தாள் கை கொடுக்கும். "மார்ச்சில் 91 மணி நேரம், இதோ டைம் கார்டு, வந்தது இவ்வளவு, வர வேண்டியது இவ்வளவு" என்று ஒவ்வொரு மாதமாகச் சொல்பவரிடம் பேரம் நீள்வதில்லை.

எவ்வளவு குறைத்து ஒப்புக்கொள்ளலாம் என்று எல்லோரும் கேட்பார்கள். இது உங்கள் முடிவு, நான் நினைப்பதை மட்டும் சொல்கிறேன். ஐபிஏ பேசிக்கும் டைம் கார்டும் கையில் இருக்கும் மாதங்களில் விட்டுக்கொடுக்க வேண்டாம். நோட்டுக் குறிப்பு மட்டும் உள்ள மாதங்களிலும், சாப்பாட்டு நேரம் போன்ற சந்தேகமான மணி நேரங்களிலும் கொஞ்சம் இறங்கி வரலாம். தவணையில் தருகிறேன் என்றால் ஒவ்வொரு தவணைக்கும் தேதி எழுதச் சொல்லுங்கள். கையெழுத்தான சமரச ஒப்பந்தத்தை நான்கு வாரத்துக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் பதிந்துகொண்டால் அதற்கு நீதிமன்ற உத்தரவின் பலம் கிடைக்கும். டிஏடிஎம்முக்கு வெளியே, ஆபீஸில் வைத்து நீட்டும் "எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்" என்ற ஆங்கிலக் கடிதத்தில், காசு கணக்கில் விழாமல், படித்துப் புரிந்துகொள்ளாமல், கையெழுத்து வேண்டாம்.

பேச்சு முறிந்தால் ஒரு சான்றிதழ் தருவார்கள். அதை வைத்து நான்கு வாரத்துக்குள் இசிடி என்ற வேலைக் கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்குப் போட வேண்டும். 20,000 வெள்ளிவரை அங்கே கேட்கலாம், தொழிற்சங்கத்தின் வழியாக வந்த சமரசம் என்றால் 30,000 வரை. இரண்டு பக்கமும் வக்கீல் வைக்க முடியாது என்பது தொழிலாளிக்கு நல்லது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் உண்டு. அங்கே கேள்வி கேட்பது நீதிபதிதான். நீங்கள் நடந்ததைத் தேதி வரிசையில் சொன்னால் போதும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ஒரு நாளை மிகைப்படுத்திச் சொல்லி அது பிடிபட்டால், மற்ற இருநூறு நாளும் சந்தேகத்துக்கு வந்துவிடும்.

காசு வருமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: கம்பெனி நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தால், கையில் தாள் இருந்தால், முழுதோ பெரும்பகுதியோ வருவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. அடுத்த பெர்மிட்டுகளுக்கு அமைச்சிடம் போய் நிற்க வேண்டிய முதலாளி, 2,500 வெள்ளிக்காகப் பெயரைக் கெடுத்துக்கொள்ள விரும்ப மாட்டார். சம்பளம் தராதது குற்றமும்கூட, அபராதமும் சிறையும் விதிக்கலாம். ஆனால் கம்பெனி மூழ்கும் நிலையில் இருந்தால் கதை வேறு. உத்தரவு கையில் இருக்கும், எடுக்கக் காசு இருக்காது. உத்தரவை நிறைவேற்ற மறுபடி நீதிமன்றம் போவதற்குச் செலவு ஆகும். அந்த நிலையில் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் உதவி நிதியிலிருந்து ஓரளவு கிடைக்கலாம், முழுப் பாக்கியும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே சம்பளம் தாமதமாகத் தொடங்கியிருந்தால், டார்ம் வாடகை கட்டவில்லை என்று பேச்சு வந்தால், சப்ளையர்கள் சைட்டில் வந்து சத்தம் போட்டால், இன்னும் வேகமாகப் பதியுங்கள்.

கூட வேலை செய்பவர்களுக்கும் இதே 3 வெள்ளிதான் என்றால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் சொல்வதற்கு அடுத்தவர் சாட்சி. ஒருவரை மட்டும் அனுப்பிவிடுவதும் முதலாளிக்குக் கடினமாகும். ஆளுக்கு ஒரு தனிக் கோரிக்கை, ஒரே நாளில் பதியலாம். ஆனால் எல்லோரும் சேர்ந்து வேலைக்குப் போகாமல் டார்மில் உட்காரும் யோசனை வந்தால் தடுத்துவிடுங்கள். 2012 நவம்பரில் சீனாவிலிருந்து வந்திருந்த பேருந்து ஓட்டுநர்கள் சம்பளத்துக்காக அப்படிச் செய்தார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள், 29 பேர் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுடைய குறை நியாயமா இல்லையா என்பதல்ல அங்கே பார்க்கப்பட்டது. நீங்கள் வேலைக்குப் போய்க்கொண்டே புகார் கொடுக்கலாம், அதுதான் பாதுகாப்பு.

நான் சொன்னதெல்லாம் ஒர்க் பெர்மிட்டில் உடலுழைப்பு வேலை செய்பவர்களுக்கு. வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கும் கப்பல் மாலுமிகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. ஆபீஸ் வேலை, மேற்பார்வை வேலை என்றால் ஓடி உரிமைக்கான சம்பள வரம்பு 2,600 வெள்ளிதான். பெர்மிட்டில் ஒரு வேலை எழுதியிருக்க, சைட்டில் வேறு வேலை செய்கிறீர்கள் என்றால், புகார் கொடுக்கும் முன் மேலே சொன்ன அமைப்புகளில் ஒன்றில் அதைச் சொல்லி ஆலோசனை கேளுங்கள். அப்புறம், சம்பளத்திலிருந்து "சேவிங்ஸ்" என்று மாதம் ஏதாவது பிடித்து, ஊருக்குப் போகும்போது தருவோம் என்கிறார்களா? லெவி (வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் வரி) காசு என்று ஏதாவது பிடிக்கிறார்களா? இரண்டுமே செல்லாத பிடித்தம். ஓடி கணக்கோடு அதையும் சேர்த்துக் கேட்க வேண்டும், தனியாக இன்னொரு முறை போகத் தேவையில்லை.

இந்த வாரமே ஐபிஏவையும் வங்கிப் பட்டியலையும் எடுத்து வையுங்கள். முதல் சம்பளம் எந்தத் தேதியில் வந்தது, பெர்மிட் எப்போது முடிகிறது, சனிக்கிழமைக்கு ஒப்பந்தத்தில் எத்தனை மணி நேரம் என்ற மூன்றையும் இங்கே எழுதினால் மாதவாரிக் கணக்கைப் போட்டுத் தருகிறேன். கம்பெனி பெயரையும் உங்கள் பெயரையும் பொதுவில் எழுத வேண்டாம்.